ஹார்ட் டாப்பைத் தனியாளாக ஏற்றி இறக்க: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மழைக்காலம் முடிந்ததும் ஜீப்பின் ஃபைபர் டாப்பை (கழற்றி மாட்டக்கூடிய கெட்டியான கூரை, அதாவது ஹார்ட் டாப்) கழற்றிக் கார் ஷெட்டின் மேற்பகுதியில் தொங்கவிட்டுக் கொள்ளலாம் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. தலைக்கு மேலே பாரத்தைத் தொங்கவிடும் வேலையை இரண்டு வரியில் சொல்லி விட்டது என் தவறு என்பதை ஒப்புக்கொண்டு, இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்களுக்குக் குலசேகரம் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. பழைய மகேந்திரா ஜீப்புக்கு ஒரு பட்டறையில் ஃபைபர் டாப் செய்து போட்டிருக்கிறோம். இடவப்பாதியிலும் (தென்மேற்குப் பருவமழை) துலா மழையிலும் (ஐப்பசி மழை) அது இல்லாமல் முடியாது. தை, மாசியில் கழற்றிவிட்டால்தான் உரமூட்டையும் கன்றுகளும் ஏற்ற வசதி. ஒவ்வொரு முறையும் 4 பேரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. போன தை மாதம் என் மருமகனும் அண்ணன் மகனும் பிடித்து இறக்கும்போது ஒரு மூலை சுவரில் இடித்து விரிந்துவிட்டது. ஷெட்டின் அகலம் 12 அடி, உயரம் 10 அடி. இரண்டு பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே டிரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம்) போட்டுத் தகர ஷீட். ஒருவராகவே ஏற்றி இறக்க வழி சொல்வீர்களா?
- வாசகர், குலசேகரம்

பதில்: வழி இருக்கிறது. ஆனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால், உங்கள் டாப்பின் எடை என்ன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டறையில் கையால் மேட் (கண்ணாடியிழை விரிப்பு) அடுக்கி ரெசின் பூசிச் செய்த டாப்புகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒருவர் 2 அடுக்கு மேட் போட்டிருப்பார், இன்னொருவர் 4 அடுக்கு போட்டு, உள்ளே இரும்புச் சட்டமும் வைத்திருப்பார். ஆகையால் யார் சொல்லும் எடையையும் நம்பாமல், கடைசியாக ஒரே ஒரு முறை அந்த 4 பேரைக் கூப்பிட்டு டாப்பை இறக்கி, எடை போட்டுவிடுங்கள். வீட்டில் நாம் ஏறி நிற்கும் எடைக்கருவி ஒன்று போதும். டாப்பின் பக்க விளிம்பின் முன்முனைகள் இரண்டையும் ஒரு பலகை மேல் நிறுத்தி, பலகையின் நடுவுக்குக் கீழே கருவியை வையுங்கள். பின்முனைகளுக்குக் கீழே அதே உயரத்துக்குச் செங்கல் கொடுங்கள். கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, இப்போது கருவியைப் பின்னாலும் செங்கலை முன்னாலும் மாற்றி இன்னொரு முறை பாருங்கள். இரண்டு எண்களையும் கூட்டினால் மொத்த எடை கிடைக்கும். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் பலகையின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

இப்படி எடை போடுவதில் இன்னொரு பெரிய பயன் உண்டு. முன்னால் 34 கிலோவும் பின்னால் 46 கிலோவும் காட்டியது, இரண்டு தாங்குமிடங்களுக்கும் இடையே 120 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். 46-ஐ மொத்தமான 80-ஆல் வகுத்து 120-ஆல் பெருக்கினால் 69 வரும். அதாவது டாப்பின் பாரம் முழுவதும் முன் தாங்குமிடத்திலிருந்து 69 செ.மீ. பின்னால் ஒரே கோட்டில் நிற்பதாக எடுத்துக்கொள்ளலாம். நேர் நடுவில் தூக்கினால் 60 செ.மீ.-இல் தூக்குகிறீர்கள், பின்பக்கம் தொங்கும், முன்பக்கம் எழும்பும், எழும்பிய முன்பக்கம் கண்ணாடிச் சட்டத்தில் இடிக்கும். பின் கதவுக் கண்ணாடி டாப்போடு சேர்ந்து வருகிற ஜீப்புகளில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். மருமகன் கையில் மூலை இடித்ததற்கும் அநேகமாக இதுவே காரணம்; பின்னால் பிடித்தவருக்குப் பாரம் அதிகம் என்பது முன்னால் பிடித்தவருக்குத் தெரிந்திருக்காது.

அடுத்து, எதிலிருந்து தொங்கவிடுவது? உங்கள் டிரஸ்ஸில் தயவுசெய்து கட்ட வேண்டாம். ஷெட்டுக்குப் போடும் பைப் டிரஸ், ஷீட்டின் எடையையும் காற்றையும் கணக்கில் வைத்துப் போட்டது. அதன் நடுவே ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக 100 கிலோ இழுத்தால் பைப் வளையாவிட்டாலும் வெல்டிங் விட்டுப்போகலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஷீட்டைத் தூக்கிய காற்று டிரஸ்ஸையும் சேர்த்து முறுக்கியதை நம் மாவட்டத்தில் பார்க்காதவர்கள் குறைவு. அப்படி ஒரு முறை முறுக்கி நிமிர்த்திய டிரஸ் என்றால் சொல்லவே வேண்டாம். ஆகையால் டிரஸ்ஸுக்குக் கீழே, சுவருக்குச் சுவர், தனியாக ஒரு 4 அங்குல ஐ-பீம் (ஆங்கில ஐ எழுத்து வடிவ இரும்பு உத்தரம்) போடுங்கள். டாப், அதைத் தூக்கும் சட்டம், செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) எல்லாம் சேர்ந்து 110 கிலோ என்று வைத்து, தூக்கும்போது ஏற்படும் குலுக்கலுக்காக அதை இரட்டித்து 220 கிலோவாக எடுத்தாலும், 12 அடி இடைவெளியில் இந்தப் பீம் ஒரு செ.மீ. கூடத் தாழாது. செங்கல் மேல் பீமை அப்படியே உட்கார வைக்காமல், இரண்டு முனையிலும் சுவரில் ஓர் அடி நீளத்துக்குக் கான்கிரீட் கட்டை வார்த்து, அது 7 நாளாவது தண்ணீர் குடித்த பிறகு அதன்மேல் உட்கார வையுங்கள். சுவர் ஹாலோ பிளாக்கில் கட்டியதாக இருந்தால் இந்த வேலை ஆகாது. இரண்டு பக்கமும் தரையிலிருந்து இரும்புத் தூண் நிறுத்தித்தான் பீமைத் தாங்க வேண்டும்.

பீம் எங்கே வர வேண்டும் என்பதை ஜீப்பை உள்ளே நிறுத்தித் தீர்மானியுங்கள். மேலே சொன்ன 69 செ.மீ. கோட்டை டாப்பின் மேல் சாக்பீஸால் போட்டு, அதற்கு நேர் மேலே பீம் வரும்படி அளந்துகொள்ளுங்கள். பீம் ஏறியதும் கொக்கியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் புள்ளியைத் தரையில் பெயின்ட்டால் குறியுங்கள். சக்கரம் வந்து நிற்கும் இடத்தில் தரையில் ஒரு மரக்கட்டையை அடித்துவிட்டால், ஜீப் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கும். டாப்பைத் திரும்ப இறக்கும்போது போல்ட் துளைகள் நேர் சேராமல் கம்பியை விட்டு நெம்புகிற அவதி இதனால் மிச்சம்.

தூக்குவதற்கு அரை டன் செயின் பிளாக் ஒன்று போதும். சுவரில் விஞ்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளை) வைத்து, நான்கு மூலைக்கும் நான்கு கப்பி வழியாகக் கம்பி இழுப்பது பார்க்க அழகாக இருக்கும். நான்கும் ஒரே சீராக ஏறும் என்பதும் உண்மைதான். ஆனால் அதில் நான்கு கப்பி, நான்கு கம்பி, எட்டு முடிச்சு. கெட்டுப்போவதற்கு அத்தனை இடம். செயின் பிளாக்கில் சங்கிலியை இழுத்து எங்கே விட்டாலும் அதன் உள் பிரேக் பாரத்தை அங்கேயே பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது ஐ.எஸ். 3832 என்ற இந்தியத் தர எண் பொறித்ததாகப் பாருங்கள். கொக்கியின் வாயில் சுருள்வில்லோடு கூடிய நாக்கு இருக்க வேண்டும். அந்த நாக்கு உடைந்த பழைய பிளாக்கை யாராவது சும்மா தந்தாலும் வாங்க வேண்டாம்.

கொக்கிக்கும் டாப்புக்கும் நடுவில் ஒரு சட்டம் கட்டாயம் வேண்டும். பலர் இதை வீண் செலவு என்று விட்டுவிட்டு, ஒரே கொக்கியிலிருந்து நான்கு பெல்ட்டை நான்கு மூலைக்கும் சாய்வாக இழுத்துக் கட்டுகிறார்கள். 80 கிலோ டாப்புக்கு ஒரு பெல்ட் நேராகத் தொங்கினால் அதன் இழுப்பு 20 கிலோ. அதே பெல்ட் படுக்கைமட்டத்திலிருந்து 45 பாகை சாய்ந்தால் 28 கிலோ. 30 பாகைக்குத் தாழ்ந்தால் 40 கிலோ. தாழ்ந்த ஷெட்டில் சாய்வு 30 பாகைக்கும் கீழே போய்விடும். பெல்ட் அறுவதைக் காட்டிலும் எனக்குக் கவலை, அந்தச் சாய்வான இழுப்பு டாப்பின் இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அமுக்குவது. ஃபைபர் வளைந்து கொடுக்கும், பக்கக் கண்ணாடி வளைந்து கொடுக்காது. ஆகையால் 50-க்கு 50 மி.மீ., 3 மி.மீ. தடிப்புள்ள சதுர பைப்பில் ஆங்கில எச் எழுத்தைப் படுக்க வைத்ததுபோல் ஒரு சட்டம் செய்யச் சொல்லுங்கள். குறுக்குக் கைகள் இரண்டும் டாப்பைவிடப் பக்கத்துக்கு 2 அங்குலம் வெளியே நீண்டிருக்கட்டும். அந்த முனைகளிலிருந்து பெல்ட்டுகள் நேர்குத்தாக இறங்கட்டும். நடுத்தண்டின் மேல், கொக்கி மாட்டும் தகட்டில் ஒரு துளைக்குப் பதிலாக வரிசையாக 5 துளை போட்டால், முதல்முறை தூக்கிப் பார்த்துச் சமம் சேருகிற துளைக்கு மாற்றிக்கொள்ளலாம். பெல்ட்டின் கீழ்முனையில், டாப்பின் பக்க விளிம்புக்கு அடியில் கொளுவும்படி வளைத்த இரும்புக் கொக்கி வேண்டும். அதன் உள்பக்கத்தில் பழைய டியூபை வெட்டி ஒட்டுங்கள். எதிரெதிர்க் கொக்கிகள் வெளிப்பக்கம் விரிந்து நழுவாதபடி, இரண்டையும் டாப்பின் அடிவழியாக ஒரு பெல்ட்டால் இழுத்துக் கட்டிவிட வேண்டும். இந்தக் குறுக்குப் பெல்ட் இல்லாமல் ஓர் அங்குலம்கூடத் தூக்காதீர்கள்.

இனி உயரக் கணக்கு. பீமின் அடி தரையிலிருந்து 290 செ.மீ. என்று கொள்வோம். செயின் பிளாக்கை முழுவதும் ஏற்றிய நிலையில் கொக்கிக்குக் கொக்கி சுமார் 30 செ.மீ. போகும், சட்டத்துக்கு 20, டாப்பின் உயரத்துக்கு 60. மீதி 180 செ.மீ. டாப்பின் கீழ்விளிம்பு அந்த உயரத்தில் நிற்கும். முன்கண்ணாடி அதற்கு அடியில் நுழைந்து வெளியேற வேண்டுமென்றால் இந்த இடைவெளி போதாது. ஆனால் ஜீப்பைப் பின்னோக்கி உள்ளே விட்டு, முன்னோக்கி வெளியே எடுத்தால் முன்கண்ணாடி டாப்புக்கு அடியில் வரவே வராது; அது முதலிலேயே டாப்பின் முன்வாயிலுக்கு வெளியேதான் நிற்கிறது. டாப்புக்கு அடியில் கடந்து போவது பின் இருக்கைகளும் பின்கதவும் மட்டுமே. பின்கதவில் ஸ்டெப்னி மாட்டியிருந்தால் அதன் உச்சியை அளந்து பாருங்கள். ஜீப் முன்னே நகரும்போது டாப்பின் பின்சுவருக்கு அடியில் கடக்க வேண்டியது அதுதான். இந்த ஒரு மாற்றத்தால் 10 அடி ஷெட் உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

இப்போது இந்த வேலையின் உயிரான பகுதிக்கு வருகிறேன். டாப்பை மேலே கொண்டுபோய்ச் சங்கிலியில் 3 மாதம் தொங்கவிட்டு, அதன் கீழே ஆட்கள் நடமாடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சங்கிலி ஏற்றுவதற்கு மட்டும். ஏற்றியபின் டாப் இரும்பின் மேல் உட்கார வேண்டும். இரண்டு சுவரிலும், டாப்பின் கீழ்விளிம்பு வரும் உயரத்துக்குச் சற்றுக் கீழே, மேற்பக்கம் திறந்த யூ வடிவத் தாங்கிகள் இரண்டிரண்டு பதியுங்கள். அவற்றில் சுவருக்குச் சுவர் 2 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் இரண்டு உட்கார வேண்டும். ஒன்று டாப்பின் பின் விளிம்புக்கு அருகில். மற்றது பக்க விளிம்பின் முன்முனைக்கு அருகில், அதாவது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால். டாப்பின் முன்பகுதி கதவுகளுக்கு மேலே வெறும் கூரையாகத்தான் நீண்டிருப்பதால், ஓட்டுபவர் தலைக்கு நேரே குழாய் எதுவும் வராது. டாப்பை ஏற்றியதும் இரண்டு பேர் இரு சுவரோரமும் நின்று குழாயை ஏந்தித் தாங்கியில் வைத்து, முனையில் பின் செருகிவிட வேண்டும். பிறகு சங்கிலியைத் தளர்த்தி டாப்பை ஓர் அங்குலம் இறக்குங்கள். அது குழாய்களில் உட்கார்ந்து, சங்கிலி தொய்ய வேண்டும். சங்கிலி தொய்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜீப்பில் ஏறி உட்கார வேண்டும். குழாய் வைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் உங்களுக்கு இன்னொருவர் தேவைப்படும்; மற்ற வேலை முழுவதையும் நீங்கள் ஒருவரே செய்துகொள்ளலாம்.

பீம் போட்ட அன்றே டாப்பைத் தூக்கிப் பார்க்க ஆசை வரும். முதலில் 50 கிலோ மூட்டை மூன்றைச் சட்டத்தில் கட்டித் தரையிலிருந்து அரை அடி மட்டும் தூக்கி, இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். பீமின் இரு முனைக்கும் இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டி, மாலையில் பீமின் நடுவுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து வையுங்கள். காலையிலும் அதே அளவாக இருந்து, கான்கிரீட் கட்டையைச் சுற்றி மயிரிழை விரிசலும் இல்லையென்றால் டாப்பைத் தூக்கலாம்.

தூக்குவதற்கு முன் போல்ட்டுகளை எண்ணிக் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். உள்விளக்கு வயரையும், இருந்தால் பின் வைப்பரின் வயரையும் தண்ணீர்க் குழாயையும் பிரித்துவிடுங்கள். ரப்பர் பீடிங் வெயிலில் உருகிப் பாடியோடு ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்துக்கொண்டு தூக்காமல், ஒரு செ.மீ. தூக்கி நிறுத்திச் சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் விட்டு, கைவிரலால் தடவி விடுவித்த பிறகு தூக்குங்கள்.

கேள்வி: எங்கள் வீடு குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். வள்ளத்துக்கு வாங்கிய நைலான் கயிறு நல்ல நிலையில் இருக்கிறது. கிணற்றுக் கப்பி இரண்டும் இருக்கின்றன. இவற்றை வைத்தே என் தம்பியின் ஜீப் டாப்பைத் தூக்க முடியாதா?
- வாசகர், குளச்சல்

பதில்: கயிறும் கப்பியும் கடலோரத்து மக்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியவை அல்ல. அதனால் நீங்கள் ஏற்கெனவே அறிந்ததையே இந்த வேலைக்குப் பொருத்திச் சொல்கிறேன். நைலானின் சிறப்பே அது நீளும் என்பதுதான். அலையில் வள்ளம் இழுக்கும்போது அந்த நீட்சிதான் கயிற்றைக் காப்பாற்றுகிறது. இங்கே அதுவே தொல்லை. டாப் விளிம்பிலிருந்து விடுபடும் நேரத்தில் கயிறு ரப்பர்போல எம்பும். மேலே நிறுத்தி வைத்த டாப் ஈரக்காற்றில் நாளுக்கு நாள் கொஞ்சம் இறங்கும். முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலம் ஏறக்குறைய பாதியாகும்; பிரி பிரித்துப் பின்னி முடித்தால் பெரிய இழப்பு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கயிறுதான் வேண்டுமென்றால் நீட்சி குறைந்த பாலியெஸ்டர் கயிற்றை எடுத்து, பின்னி முடியுங்கள்.

கிணற்றுக் கப்பியைப் பற்றி இவ்வளவு இளகிப் பேச மாட்டேன். அது ஒரு குடம் தண்ணீருக்கு வார்த்த வார்ப்பிரும்பு. அச்சு தேய்ந்து ஆடும், கொக்கி திறந்த கொக்கி, கயிறு பள்ளத்திலிருந்து நழுவினால் தடுக்கப் பக்கத்தகடு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைவிட்டால் பாரத்தைப் பிடித்து நிறுத்த அதில் எதுவும் இல்லை.

உங்கள் ஊரில் நான் அஞ்சுவது உப்புக்காற்றைத்தான். கம்பிக்கயிறு வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளிழை துருப்பிடித்துப் போயிருக்கும். செயின் பிளாக்கைப் பயன்படுத்தாத மாதங்களில் கழற்றி, சங்கிலியில் கிரீஸ் தடவி, வீட்டுக்குள் சாக்கில் சுற்றி வையுங்கள். குழாய்கள் டாப்பைத் தாங்கும்போது அது மேலே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஷேக்கிள், போல்ட் போன்ற சிறு பொருள்களை 316 தரத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். 304 தரம் கடற்கரையில் சில ஆண்டுகளிலேயே பழுப்புப் புள்ளி வைத்துவிடும்.

கேள்வி: எங்கள் கார் போர்ச்சுக்கு மேலே கான்கிரீட் தளம் இருக்கிறது. வீடு கட்டும்போதே அதில் மின்விசிறிக்கு இரண்டு கொக்கிகள் விட்டிருக்கிறார்கள். அந்த இரண்டிலும் கட்டினால் போதாதா? இல்லையென்றால் ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) அடிக்கலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: மின்விசிறிக் கொக்கியில் கட்ட வேண்டாம், அம்மா. அது ஒரு சில கிலோ எடையுள்ள மின்விசிறிக்காக விட்டது. கொத்தனார் அதைத் தளக் கம்பியில் வளைத்து மாட்டினாரா, சும்மா கான்கிரீட்டில் செருகினாரா என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

ஆங்கர் போல்ட்டைச் சுவரில் அடிப்பதும் தளத்தின் அடியில் அடிப்பதும் ஒன்றல்ல. சுவரில் பாரம் போல்ட்டைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. தளத்தில் அதைத் துளையிலிருந்து உருவி இழுக்கிறது. அதோடு, பாரம் தாங்கும் தளத்தின் அடிப்பக்கம்தான் நீட்சிக்கு உள்ளாகி மயிரிழை விரிசல் விடுகிற பக்கம். அந்த விரிசல் போல்ட்டின் துளை வழியே ஓடினால் பிடிப்பு தளர்ந்துவிடும். தளத்தை ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது பானையைத் தட்டுவதுபோல் பொத்தென்ற ஓசை வந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தளத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது.

தளத்தைத் துளைத்து மேலே தகடு வைத்துப் போல்ட் போடுவது பலமான முறைதான். ஆனால் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் ஊரில் மொட்டை மாடியில் துளை போட்டால் ஒழுகலை நாமே அழைத்து வருவதாகும். உங்களுக்கும் நான் சொல்வது முதல் பதிலில் சொன்ன ஐ-பீம்தான். போர்ச்சின் கான்கிரீட் தூண்களை ஒட்டித் தரையிலிருந்து இரும்புத் தூண் நிறுத்தி அதன்மேல் பீமை வையுங்கள். தளம் தன் வேலையைப் பார்க்கட்டும்.

கேள்வி: சங்கிலி இழுக்கத் தோள் ஒத்துழைக்கவில்லை. சின்ன எலக்ட்ரிக் ஹாய்ஸ்ட் 200 கிலோ தூக்கும் என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: வாங்கலாம், தகட்டை முழுவதும் படித்தபின். இவ்வகை ஹாய்ஸ்ட்டில் 100/200 என்று இரண்டு எண் இருக்கும். கம்பி ஒற்றையாக இறங்கினால் 100 கிலோ. கூட வரும் கப்பியை மாட்டிக் கம்பியை இரட்டையாக விட்டால்தான் 200 கிலோ. இரட்டையில் வேகம் பாதியாகும். நமக்கு அதுவே நல்லது. 20 சதவீதம் என்று போட்டிருந்தால், 10 நிமிடத்தில் 2 நிமிடம் மட்டுமே தொடர்ந்து ஓட்டலாம் என்று பொருள். மேல் எல்லையில் தானாக நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதைப் பாரமில்லாமல் ஓட்டி முதலில் சோதியுங்கள். எர்த் உள்ள பிளக்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சும் இல்லாமல் ஷெட்டில் இதை ஓட்டக் கூடாது. மழைக்காலத்தில் ஈரத்தரையில் நின்றுகொண்டுதான் பொத்தானை அழுத்துவீர்கள்.

ஒக்கிக்குப் பிறகு நம் ஊர்கள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நினைவில் வையுங்கள். டாப் மிகவும் தேவைப்படும் நாளில் ஹாய்ஸ்ட் ஓடாமல் போகலாம். பீமில் செயின் பிளாக்குக்கும் ஓர் இடம் விட்டுவைத்தால், அன்றைக்கு அண்டைவீட்டுப் பையன் ஒருவர் இழுத்துத் தருவார்.

கேள்வி: கம்பிக்கயிற்றின் முனையை யூ கிளாம்ப் போட்டு முடிக்கும்போது கிளாம்ப்பை எந்தப் பக்கம் வைப்பது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இந்தக் கேள்வியை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கே ஒரு பாடம் நடந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், தெரிந்தவர் ஒருவருடைய ஷெட்டில் டாப்பைத் தூக்க நானும் கூட நின்றேன். கம்பியை முடித்தவர் அனுபவசாலி என்பதால் நான் ஏறிப் பார்க்கவில்லை. டாப் நெஞ்சளவு உயர்ந்ததும் மேலேயிருந்து கர்ரென்று ஓர் ஓசை, பிறகு சட்டென்று நிசப்தம். டாப்பின் இடப்பக்கம் 4 அங்குலம் கீழே இறங்கி நின்றது. ஏணி வைத்துப் பார்த்தால், 3 கிளாம்ப்பும் தலைகீழாகப் போட்டிருந்தன. யூ போல்ட் பாரம் ஏறும் கம்பியின் மேல் கடித்து அதை நசுக்கியிருந்தது. சேணம்போன்ற வார்ப்புப் பகுதி வெட்டுமுனையில் இருந்தது. கம்பி வழுக்கிக்கொண்டு போய்க் கடைசிக் கிளாம்ப்பில் தற்செயலாகச் சிக்கி நின்றிருக்கிறது. அதன்கீழ் அப்போது யாருடைய கையும் இல்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

சரியான முறை இதுதான்: வார்ப்புப் பகுதி பாரம் தாங்கும் நீளக் கம்பியின் மேல் உட்கார வேண்டும், யூ போல்ட்டின் வளைவு, மடித்து விட்ட குட்டை முனையைக் கடிக்க வேண்டும். நம் வேலைக்கான 4 மி.மீ. கம்பிக்கு 3 கிளாம்ப், மூன்றும் ஒரே திசையில். வளையத்துக்குள் தொட்டி போன்ற திம்பிள் வைத்துத்தான் மடிக்க வேண்டும். முதல் பாரம் ஏறியதும் கம்பி சற்று மெலியும், நட்டுகள் தளரும். அப்போதே ஒரு முறை இறக்கி, மீண்டும் முறுக்கிவிடுங்கள். கப்பியின் விட்டமும் 80 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. சிறிய கப்பியில் வளைந்து வளைந்து இழைகள் ஒவ்வொன்றாக அறும். பழைய கம்பியைக் கையுறை போட்டுத் தடவிப் பாருங்கள். முள்போல் இழை குத்தினால் அன்றே மாற்றுங்கள்.

கேள்வி: துணிக்கூரையோடு பதிவான ஜீப்புக்கு ஃபைபர் டாப் போட்டால் சட்டச் சிக்கல் வருமா?
- வாசகர், அருமனை

பதில்: வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. டாப் செய்யக் கொடுக்கும் முன்பே, டி.என். 75 பதிவென்றால் மார்த்தாண்டத்திலும், டி.என். 74 என்றால் நாகர்கோவிலிலும் உள்ள போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: சுவரில் இடித்து விரிந்த ஃபைபர் மூலையை நாமே சரிசெய்யலாமா? தொங்கவிட்ட டாப் நாளாவட்டத்தில் கோணிப்போகும் என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், இரணியல்

பதில்: இரண்டாவது கேள்வி முதலில். உண்மைதான். தகர ஷீட்டுக்குக் கீழே சித்திரை வெயிலில் ஷெட்டின் மேற்பகுதி அடுப்படிபோலக் கொதிக்கும். அந்தச் சூட்டில் நான்கே புள்ளிகளில் பாரத்தைத் தாங்கும் ஃபைபர், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளையும். குழாய்களின் மேல் டாப்பை உட்கார வைக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவே, நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்றாக அயினிப் பலகையோ தேக்குப் பலகையோ வைத்தால் பாரம் விளிம்பு முழுவதும் பரவும். ரப்பர் மரப்பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வைக்காதீர்கள். மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தை ஒரே மழைக்காலத்தில் வண்டு துளைத்துவிடும்.

விரிசலைப் பொறுத்தவரை, முத்தம், சின்னமுட்டம் போன்ற துறைகளில் ஃபைபர் வள்ளம் பழுதுபார்ப்பவர்கள் அன்றாடம் செய்கிற வேலை இது. விரிசலின் இரு பக்கமும் 2 அங்குல அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, பெயின்ட்டும் எண்ணெய்ப் பசையும் போன பிறகு, மேட் வைத்து ரெசின் பூசி, உள்பக்கமாக 2 அடுக்கு ஏற்றுவார்கள். நீங்களே செய்வதானால் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஹார்டனரையும் கோபால்ட் முடுக்கியையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கக் கூடாது. அது வெடித்துத் தீப்பற்றும். முடுக்கியை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகுதான் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஈரக்காற்று அடிக்கும் நாளில் பூசினால் பிசுபிசுப்பு நிற்காது, ஆகையால் மழை விட்டு இரண்டு நாள் வெயில் கண்ட பிறகு தொடங்குங்கள். பூசிய மூலை முழுவதும் இறுகும்வரை, குறைந்தது இரண்டு நாளாவது, அந்தப் பக்கத்தில் கொக்கியை மாட்டித் தூக்க வேண்டாம்.